பிரிக்கப்பட்ட அட்டவணைகளில் பூட்டு வரிசை

தொடர்புசார் தரவுத்தளங்களில் ஒரே தகவலைப் பலர் ஒரே நேரத்தில் தொட நேரும்போது, ஒருவர் செய்யும் மாற்றத்தை மற்றவர் கெடுத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு பூட்டு எனப்படும். ஒரு வேலைக்குப் பல பூட்டுகள் தேவைப்படும்போது அவற்றை எந்த ஒழுங்கில் எடுப்பது என்பதே பூட்டு வரிசை. ஒரு பெரிய அட்டவணை மாதவாரியாகவோ ஊர்வாரியாகவோ பல சேய் அட்டவணைகளாகப் பிரித்து வைக்கப்படும்போது இந்த வரிசை தனிச் சிக்கலாகிறது. பயன்படுத்துபவர் கண்ணுக்கு அது ஓர் அட்டவணை. பூட்டுப் போடும் எந்திரத்துக்கோ அது நூறு, சில வேளை ஆயிரம் அட்டவணைகள்.

வரிசை தவறினால் என்ன ஆகும் என்பதை வங்கிக் கணக்கு ஒன்றைக் கொண்டு எளிதில் விளக்கலாம். 101ஆம் எண் கணக்கிலிருந்து 205க்கு ஒருவர் பணம் அனுப்புகிறார். அதே நொடியில் 205இலிருந்து 101க்கு இன்னொருவர் அனுப்புகிறார். முதல் பரிவர்த்தனை 101ஐப் பூட்டிக்கொண்டு 205க்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது 205ஐப் பூட்டிக்கொண்டு 101க்காகக் காத்திருக்கிறது. இருவரில் எவரும் விடப்போவதில்லை. யாராவது வெளியிலிருந்து தலையிடும்வரை இரண்டும் அப்படியே நிற்கும். கணினித் துறையினர் இதை டெட்லாக் என்பர். இக்கட்டுரையில் முட்டுநிலை என்ற சொல் ஆளப்படுகிறது. இரு பரிவர்த்தனைகளும் எப்போதும் சிறிய எண்ணுள்ள கணக்கையே முதலில் பூட்டும் என்று விதி வைத்தால் சிக்கல் எழவே வழியில்லை. இரண்டாவது வந்தவர் 101இன் வாசலிலேயே, கையில் எதுவும் இல்லாமல், காத்து நிற்பார்.

இத்தனை எளிய விதி நடைமுறையில் ஏன் எளிதாக அமையவில்லை என்பதுதான் இந்த வரலாறு.

ஐந்தோவனும் ஆர்மாங்கும்

முட்டுநிலையை முதலில் தெளிவாக எடுத்துப் பேசியவர் நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1965இல் எழுதிய ஒரு நீண்ட கட்டுரையில், ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டிய நிரல்கள் எவ்வாறு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றன என்பதை விளக்கினார். அந்த நிலைக்கு அவர் இட்ட பெயர் 'சாவுத் தழுவல்' என்ற பொருள் தருவது. பாரதத்தில் திருதராட்டிரன் இரும்புப் பதுமையைத் தழுவிய கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும்.

அதே ஆண்டில் மாணவர்களுக்குத் தேர்வுப் பயிற்சியாக அவர் கொடுத்த கணக்கு, ஐந்து கணினிகள் ஐந்து நாடாக் கருவிகளுக்குப் போட்டியிடுவது பற்றியது. பிற்பாடு டோனி ஹோர் அதற்கு வட்ட மேசையில் உணவருந்தும் ஐந்து தத்துவ அறிஞர்களின் உருவம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் இடப்புறம் ஒரு முள்கரண்டி, வலப்புறம் ஒன்று. உண்பதற்கு இரண்டும் வேண்டும். ஐவரும் ஒரே நேரத்தில் இடப்புறக் கரண்டியை எடுத்தால் ஐவரும் பட்டினி. கரண்டிகளுக்கு 1 முதல் 5 வரை எண்ணிட்டு, எவராயினும் சிறிய எண்ணுள்ளதை முதலில் எடுக்க வேண்டும் என்றால், ஐந்தாமவர் மட்டும் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் கை நீட்ட வேண்டிவரும். வட்டம் அங்கே அறுந்துவிடும். உலகெங்கும் கணினிப் பாடநூல்களில் இந்த உணவு மேசை இன்றும் இடம்பெறுகிறது.

அமெரிக்காவில் இதே நோய் வேறு இடத்தில் தலைகாட்டியது. ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினிகளுக்கு எழுதிய இயங்குதளத்தில் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தைத் தொகுத்து 1968இல் ஹாவெண்டர் என்பவர் நிறுவனத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்ன வழிகள் மூன்று. வேண்டியவற்றை எல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிடு. கேட்டது கிடைக்காவிட்டால் கையில் உள்ளதை விட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகக் கேள். இரண்டும் இயலாவிட்டால் வளங்களுக்கு ஒரு வரிசை வகுத்து, அந்த வரிசையில் மட்டுமே கேள். மூன்றாவது வழிதான் இன்றைய பூட்டு வரிசையின் மூலம்.

1971இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவர் முட்டுநிலை ஏற்பட நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும் என்று வகுத்தனர். ஒரு பொருளை ஒருவரே வைத்திருக்க முடிவது. கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது. வைத்திருப்பவரிடமிருந்து பிடுங்க முடியாமை. காத்திருப்போர் வட்டமாக அமைவது. நான்கில் ஒன்றைத் தடுத்தாலும் போதும். வரிசை வைப்பது நான்காவதைத் தடுப்பது.

சான் ஓசேயில் எழுந்த கேள்வி

இயங்குதளத்தில் வளங்கள் சில பத்து இருக்கும். நாடாக் கருவி, அச்சுப்பொறி, கோப்பு என்று எண்ணி வரிசையிட்டுவிடலாம். தரவுத்தளத்தில் கோடிக்கணக்கான நிரைகள் உள்ளன. எந்த நிரை தேவைப்படும் என்பது முந்தைய நிரையைப் படித்த பிறகே தெரியும். வாடிக்கையாளரைத் தேடி, அவருடைய கணக்கு எண்ணைக் கண்டுபிடித்து, அதன் பிறகுதான் கணக்கைத் தொட முடியும். முன்கூட்டியே வரிசை போட இங்கே இடம் எங்கே?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது கலிபோர்னியாவில் சான் ஓசே நகரில் இருந்த ஐபிஎம் ஆய்வகம். அங்கு பணியாற்றிய எட்கர் காட் 1970இல் தொடர்புசார் மாதிரியை வெளியிட்டிருந்தார். அந்த மாதிரியை இயங்கும் மென்பொருளாக்க 1970களின் நடுவில் சிஸ்டம் ஆர் என்னும் திட்டம் நடந்தது. எஸ்கியூஎல் மொழியும் அங்கேதான் பிறந்தது. அத்திட்டத்தின் ஒரு கை, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது தகவல் குலையாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை ஆராய்ந்தது. 1976 நவம்பரில் வெளியான அதன் புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர்கள் நால்வர்: கபாலி ஈசுவரன், ஜிம் கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரெய்கர். முதல் பெயரைக் காணும் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரக்கூடும்.

இக்கட்டுரை இருகட்டப் பூட்டு முறையை நிறுவியது. ஒரு பரிவர்த்தனை முதல் கட்டத்தில் பூட்டுகளை எடுத்துக்கொண்டே போகலாம். ஒன்றை விட்டுவிட்டால் அதன் பிறகு புதிதாக எதையும் எடுக்கக் கூடாது. இவ்விதியை எல்லோரும் பின்பற்றினால், பரிவர்த்தனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததற்கு ஒப்பான விளைவே கிடைக்கும் என்று காட்டினர். ஆனால் இம்முறை முட்டுநிலையைத் தடுப்பதில்லை. கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைக் கேள் என்றுதான் இது சொல்கிறது. அதுவோ காஃப்மன் குழுவின் இரண்டாவது நிபந்தனை.

வரிசை பற்றிய நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 1975இல் கிரே, லோரி, புட்சோலு ஆகியோர் எழுதிய மற்றொரு ஆய்வு. பூட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது அதன் கேள்வி. முழு அட்டவணையையும் பூட்டினால் வேலை எளிது, ஆனால் மற்றவர்கள் அனைவரும் காத்துக்கிடப்பர். நிரை நிரையாகப் பூட்டினால் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், ஆனால் பூட்டுகளின் எண்ணிக்கை பெருகும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைக்க அவர்கள் தகவலை மரமாகப் பார்த்தனர். மேலே தரவுத்தளம், அதன் கீழே பரப்புகள், அவற்றின் கீழே கோப்புகள், கடைசியில் நிரைகள். ஒரு நிரையைப் பூட்ட விரும்புபவர் அதற்கு மேலுள்ள ஒவ்வொரு படியிலும் 'உள்ளே எனக்கு வேலை இருக்கிறது' என்று அறிவிக்கும் ஒரு மென்மையான பூட்டை முதலில் வைக்க வேண்டும். இதற்கு நோக்கப் பூட்டு என்று பெயர். நோக்கப் பூட்டுகள் தமக்குள் மோதுவதில்லை. முழு அட்டவணையையும் கேட்டு வருபவரோடு மட்டும் அவை மோதும்.

பூட்டுகள் மேலிருந்து கீழாக எடுக்கப்பட வேண்டும்; விடும்போது கீழிருந்து மேலாக விடப்பட வேண்டும். செங்குத்துத் திசையில் ஒரு வரிசை இவ்வாறு நிலைபெற்றது. தாய்க்குப் பிறகே சேய். ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளுக்குள் யார் முதலில் என்பதை இவ்விதி சொல்லவில்லை. அக்காலத்தில் அது பெரிய குறையாகத் தோன்றவும் இல்லை. பிள்ளைகள் என்பவை பெரும்பாலும் நிரைகள். நிரைகளுக்கு வரிசை வகுப்பது இயலாத காரியம். எனவே முட்டுநிலை வந்தால் கண்டுபிடித்து ஒரு பரிவர்த்தனையை ரத்துசெய்துவிடுவது என்ற முடிவே பெரும்பாலான தரவுத்தளங்களுக்குப் பொதுவாயிற்று. ரத்தானவர் மீண்டும் முயல வேண்டும். பணம் பாதி மாறிய நிலையில் நிற்காது என்பதால் இது ஏற்கத்தக்கதே.

இதற்கும் எல்லை உண்டு என்பதை 1981இல் கிரேயும் உடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டுக் காட்டினர். அவர்களுடைய எளிய மாதிரியின்படி, முட்டுநிலைகளின் வீதம் ஒரு பரிவர்த்தனை எடுக்கும் பூட்டுகளின் எண்ணிக்கையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. பூட்டுகளை இரு மடங்காக்கினால் முட்டுநிலை 16 மடங்கு. இது நிரைகளை மாற்றி எழுதும் பூட்டுகளுக்குப் போட்ட கணக்கு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் பூட்டுகளைக் கூட்டுவது விளையாட்டல்ல என்ற பாடம் அதில் இருக்கிறது. 1998இல் கிரே டூரிங் விருது பெற்றார். 2007 ஜனவரி 28 அன்று தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியே பாய்மரப் படகில் சென்றவர் திரும்பவில்லை. நெடுந்தேடலுக்குப் பின்னும் படகு கிடைக்கவில்லை.

பூட்டுகளை இன்னும் நுட்பமாக்கும் பணியில் தமிழகத்திலிருந்து சென்ற ஒருவருக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியில் படித்த சி. மோகன் ஐபிஎம் ஆய்வகத்தில் ஏரிஸ் என்னும் மீட்பு முறையையும், சுட்டுவரிசைகளில் உள்ள மதிப்புகளைப் பூட்டும் முறைகளையும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அது தனிக் கட்டுரைக்குரியது.

அட்டவணை துண்டாகிறது

1990களில் தரவுக் கிடங்குகள் பெருகின. தொலைபேசி அழைப்புகள், விற்பனைப் பதிவுகள் என ஓர் அட்டவணையில் கோடிக்கணக்கான நிரைகள் சேர்ந்தன. பழைய ஆண்டின் தகவலை நீக்க நிரை நிரையாக அழிப்பது பல மணி நேர வேலை. அட்டவணையை மாதவாரியாகப் பிரித்து வைத்தால் ஒரு மாதத்துக்குரிய சேயை அப்படியே கழற்றி எறிந்துவிடலாம். தேடலும் விரைவாகும், மார்ச் மாதக் கணக்கைக் கேட்பவருக்கு மார்ச் சேயை மட்டும் பார்த்தால் போதும். தேவையற்ற பிரிவுகளை இவ்வாறு ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயர் தோட்டக்காரரின் சொல்லே, தமிழில் கவாத்து.

ஆரக்கிள் 1997இல் தன் எட்டாம் பதிப்பில் பிரிக்கப்பட்ட அட்டவணைகளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலும், மைஎஸ்கியூஎல் 2008இல் வெளியான 5.1ஆம் பதிப்பிலும் இவ்வசதியைப் பெற்றன. கிரேயின் மரத்தில் அட்டவணைக்கும் நிரைக்கும் இடையே புதிய படி ஒன்று முளைத்தது. பிள்ளைகள் இப்போது நிரைகள் அல்ல; ஒவ்வொன்றும் ஓர் அட்டவணை. இவற்றை எண்ண முடியும், பெயரிட முடியும், வரிசைப்படுத்தவும் முடியும்.

எஸ்கியூஎல் சர்வர் சந்தித்த தொல்லை எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்கது. ஒரே வினவல் ஓர் அட்டவணையில் ஏறத்தாழ 5000 பூட்டுகளுக்கு மேல் எடுத்தால், நினைவகத்தைச் சேமிக்க அந்த மென்பொருள் சிறு பூட்டுகளை விட்டுவிட்டு முழு அட்டவணையையும் பூட்டிவிடும். பிரிக்கப்பட்ட அட்டவணையில் இது அநியாயம். ஜனவரிப் பிரிவில் வேலை செய்பவருக்காக டிசம்பரும் மூடப்படுகிறது. எனவே 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரிவோடு நிறுத்திக்கொள்ளும் விருப்பத்தேர்வு சேர்க்கப்பட்டது. ஆனால் அதைத் தாமாகவே இயல்பாக்க அவர்கள் துணியவில்லை. காரணம் அவர்களுடைய கையேட்டிலேயே இருக்கிறது: ஒருவர் ஒரு பிரிவையும் மற்றொருவர் இன்னொரு பிரிவையும் முழுதாகப் பூட்டிக்கொண்டு, பிறகு ஒருவர் பிரிவை மற்றவர் கேட்டால் முட்டுநிலை. முழு அட்டவணையையும் பூட்டும்போது நெரிசல் உண்டு, ஆனால் இந்தச் சிக்கல் இல்லை. பூட்டைச் சிறிதாக்கினால் வரிசை பற்றிய கவலை பெரிதாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மைஎஸ்கியூஎல் வேறு வழியில் சென்றது. தொடக்கத்தில், முழு அட்டவணையையும் பூட்டும் வகையான மைஐசாம் அட்டவணைகளில், ஒரு பிரிவைத் தொடும் வினவலும் எல்லாப் பிரிவுகளையும் பூட்டியது. 5.6ஆம் பதிப்பில்தான் வேண்டாத பிரிவுகளின் பூட்டுகளைக் கவாத்து செய்யும் வசதி வந்தது.

போஸ்ட்கிரெஸ் கண்ட வழி

இந்தச் சிக்கலின் எல்லாக் கிளைகளையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லைப் பார்க்க வேண்டும். இது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய திட்டத்தின் வழித்தோன்றல். திறமூல மென்பொருள் என்பதால் ஒவ்வொரு முடிவும் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதை நிரலின் குறிப்புரைகளிலேயே படிக்கலாம்.

அதில் ஓர் அட்டவணை இன்னோர் அட்டவணையின் வாரிசாக இருக்கும் வசதி பழங்காலம் தொட்டே உண்டு. 2005இல் வெளியான 8.1ஆம் பதிப்பு முதல், இந்த வாரிசுமுறையைக் கொண்டே பிரிவுகள் அமைத்து, பொருந்தாத சேய்களை வினவலிலிருந்து ஒதுக்க முடிந்தது. தாயை நோக்கிய ஒவ்வொரு வினவலும் பிள்ளைகளின் பட்டியலை ஒரு அமைப்பு அட்டவணையிலிருந்து படிக்கும். அப்படிப் படிக்கும்போது பிள்ளைகள் எந்த ஒழுங்கில் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பட்டியலைப் படித்ததும், ஒவ்வோர் அட்டவணைக்கும் உள்ள ஓஐடி என்னும் அடையாள எண்ணின்படி அதை ஏறுவரிசைப்படுத்தி, அதன் பிறகே பூட்டத் தொடங்குகிறது நிரல். எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டினால்தான் வீண் முட்டுநிலைகளைத் தவிர்க்கலாம் என்று அங்கேயே காரணமும் எழுதப்பட்டிருக்கிறது. ஹாவெண்டரின் மூன்றாவது வழி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின், சில வரி நிரலாக.

நடைமுறையில் இது எப்படி உதவுகிறது? ஓர் அட்டவணை பிப்ரவரி, மார்ச் எனப் பிரிந்திருக்கிறது. பிப்ரவரி முன்னதாக உருவானதால் அதன் எண் பொதுவாகச் சிறியது. ஒருவர் தாய் வழியாக இரு மாதங்களையும் படிக்கிறார். பிப்ரவரியை முதலிலும் மார்ச்சை அடுத்தும் பூட்டுவார். இன்னொருவர் ஒரே பரிவர்த்தனையில் மார்ச் பிரிவை நேரடியாகக் காலி செய்துவிட்டு, அடுத்துப் பிப்ரவரியைக் காலி செய்யப் போகிறார். படிப்பவர் பிப்ரவரியை வைத்துக்கொண்டு மார்ச்சுக்காக நிற்க, காலி செய்பவர் மார்ச்சை வைத்துக்கொண்டு பிப்ரவரிக்காக நிற்பார். ஒரு நொடி காத்த பிறகு போஸ்ட்கிரெஸ் வட்டத்தைத் தேடும். கண்டதும் ஒருவரை ரத்துசெய்யும். காலி செய்பவர் பிப்ரவரியில் தொடங்கியிருந்தால் படிப்பவர் முதல் வாசலிலேயே நின்றிருப்பார்; இருவர் வேலையும் முடிந்திருக்கும். மாத இறுதியில் பழைய தகவலை நீக்கும் நிரல்களை எழுதுவோர் இந்த ஒன்றை மட்டும் கவனித்தாலே நள்ளிரவு அழைப்புகள் பல குறையும்.

இந்த எடுத்துக்காட்டில் காலி செய்பவர் தாயைத் தொடவே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தாய் வழியாக அவர் வந்திருந்தால், படிப்பவரும் அவரும் தாயின் வாசலிலேயே சந்தித்து, ஒருவர் பின் ஒருவராகப் போயிருப்பர். பிள்ளைகளின் வரிசை எதுவாயினும் கேடில்லை. கிரே குழுவின் செங்குத்து விதி பக்கவாட்டுக் குறையையும் பெரும்பாலும் மூடிவிடுகிறது. இதனால்தான் ஒரு சேயை நேரடியாக நீக்கச் சொன்னாலும் போஸ்ட்கிரெஸ் அதன் தாயைத் தேடிப்பிடித்து முதலில் பூட்டிவிட்டுப் பிறகே சேயைப் பூட்டுகிறது. வினவல்கள் தாயை முதலில் பூட்டுவதால், நீக்குபவர் தலைகீழாகப் போனால் முட்டுநிலை நேரும். காலி செய்யும் கட்டளைக்கு இந்தக் காப்பு இல்லை.

2016 டிசம்பரில் அமித் லாங்கோட் எழுதிய நிரல் ஏற்கப்பட்டு, 2017 அக்டோபரில் வெளியான 10ஆம் பதிப்பில் பிரிக்கப்பட்ட அட்டவணைகளை நேரடியாக அறிவிக்கும் வசதி வந்தது. பயன்பாடு பெருகியது, ஆயிரக்கணக்கில் பிரிவுகள் வைப்போர் தோன்றினர். அப்போதுதான் விலை தெரிந்தது. ஒரே ஒரு நிரையைச் சேர்ப்பதற்கும் ஆயிரம் பிரிவுகளும் வரிசை பிசகாமல் பூட்டப்பட்டன. வரிசை காக்கும் நேர்மை வேகத்தைத் தின்றுகொண்டிருந்தது.

2019 அக்டோபரில் வெளியான 12ஆம் பதிப்பு இதை மாற்றியது. வினவலைத் திட்டமிடும் பகுதி முதலில் கவாத்து செய்து, மிஞ்சிய பிரிவுகளை மட்டுமே பூட்டியது. நிரை சேர்க்கும்போது, அந்த நிரை எந்தப் பிரிவுக்குப் போகிறதோ அதை, போகும் நேரத்தில் மட்டும் பூட்டியது. இரண்டாவது மாற்றம் துணிச்சலானது. இனிமேல் பூட்டு வரிசை என்பது நிரைகள் வந்து சேரும் வரிசையே. ஒருவர் மார்ச் நிரையை முன்னும் பிப்ரவரி நிரையைப் பின்னும் சேர்க்கலாம். இன்னொருவர் மாற்றிச் செய்யலாம். பல ஆண்டுகள் காத்து வந்த ஒழுங்கு அறிந்தே கைவிடப்பட்டது.

அது சரியா? சரி என்றே கொள்ள வேண்டும். நிரை சேர்ப்பவர் எடுக்கும் அட்டவணைப் பூட்டு தன்னைப் போன்ற இன்னொரு பூட்டோடு மோதுவதில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் வரிசைகளில் சேர்த்தாலும் அட்டவணை அளவில் எவரும் எவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மோதல் வருவது காலி செய்தல், நீக்குதல், அமைப்பை மாற்றுதல் போன்ற வன்மையான கட்டளைகளோடு மட்டுமே. அரிதாக நேரும் முட்டுநிலையை ஏற்று, நாள்தோறும் கோடி முறை நேரும் வீண்செலவை ஒழிப்பது நல்ல பேரம். ஆனால் அந்த அரிய நேரம் தங்களுக்கு வரும்போது, முன்பு வராத பிழை இப்போது ஏன் வருகிறது என்று குழம்புவோர்க்கு விடை இங்கேதான் இருக்கிறது.

திட்டமிடும் பகுதியிலும் சிறு மாற்றம் நேர்ந்தது. மிஞ்சிய பிரிவுகளை அது ஓஐடி எண்ணின்படி அல்லாமல் பிரிவின் எல்லைகளின்படி, அதாவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்ற ஒழுங்கில் தொடுகிறது. மாதங்கள் முறையாக உருவாக்கப்பட்டிருந்தால் இரண்டு வரிசைகளும் ஒன்றே. விடுபட்ட பழைய மாதம் ஒன்றைப் பின்னால் உருவாக்கினால் அதன் எண் பெரிதாகி, இரண்டும் பிரியும். அதற்கும் தாயின் வாசலே காவல்.

அந்த வாசலையும் சற்றுத் தளர்த்த வேண்டி வந்தது. புதிய மாதத்தை இணைக்கும் ஒவ்வொரு முறையும் தாயை முழுதாகப் பூட்டினால் வினவல்கள் அனைத்தும் நிற்கும். 12ஆம் பதிப்பிலேயே இணைக்கும் கட்டளை தாயின்மீது படிப்போரையும் எழுதுவோரையும் தடுக்காத பூட்டை எடுக்கத் தொடங்கியது. இணைக்கப்படும் அட்டவணையும், எங்கும் பொருந்தாத நிரைகளுக்கான இயல்புப் பிரிவு இருந்தால் அதுவும் மட்டும் முழுதாகப் பூட்டப்படுகின்றன. தாயின் வாசலில் சந்திக்காதவர்கள் இப்போது இயல்புப் பிரிவின் வாசலில் சந்திக்கக்கூடும். இயல்புப் பிரிவு வைப்பது வசதியே. அதற்கும் விலை உண்டு.

2021இல் வந்த 14ஆம் பதிப்பு பிரிவைக் கழற்றுவதற்கும் அத்தகைய வழி தந்தது. கழற்றும் வேலை இரண்டு பரிவர்த்தனைகளாக நடக்கிறது. முதலாவது, பிரிவின்மீது 'கழற்றப்படுகிறது' என்று குறியிட்டு முடிகிறது. பிறகு, அந்த அட்டவணையைப் பயன்படுத்திக்கொண்டிருந்த பழைய பரிவர்த்தனைகள் எல்லாம் முடியும்வரை காத்திருந்து, இரண்டாவது பரிவர்த்தனை கழற்றி முடிக்கிறது. கையில் வன்மையான பூட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை என்பதே இதன் உட்பொருள். வரிசையால் தீராததை இங்கே 'கையில் வைத்துக்கொண்டு கேட்காதே' என்ற இன்னொரு பழைய வழியால் தீர்த்திருக்கிறார்கள். இயல்புப் பிரிவு இருக்கும் அட்டவணையில் இவ்வழி அனுமதிக்கப்படுவதில்லை.

தீராத ஒன்று

ஒரு கிளை இன்னும் அடங்கவில்லை. முன்பே திட்டமிட்டு வைத்து, மதிப்புகளை மட்டும் மாற்றிப் பலமுறை ஓட்டும் வினவல்கள் உண்டு. சேமித்த திட்டத்தை ஓட்டும் முன் அது இன்னும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு அதில் உள்ள அட்டவணைகளைப் பூட்ட வேண்டும். எந்தப் பிரிவு வேண்டாம் என்பதோ ஓட்டத் தொடங்கி, மதிப்பைப் பார்த்த பிறகே தெரியும். பூட்டினால்தான் திட்டத்தை நம்பலாம். கவாத்து செய்தால்தான் எதைப் பூட்டுவது என்று தெரியும். கவாத்து செய்ய அந்தத் திட்டம் வேண்டும். எனவே ஆயிரம் பிரிவுகளும் பூட்டப்படுகின்றன. இதைத் தீர்க்கும் நிரல் 2025 பிப்ரவரியில் சேர்க்கப்பட்டு, அமைப்பு திருப்தி அளிக்காததால் அதே ஆண்டு மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. பல ஆண்டு உழைப்பைத் திரும்பப் பெறத் தயங்காதது அந்தச் சமூகத்தின் நற்பண்பு.

இதற்கிடையே பூட்டுகளின் எண்ணிக்கையைத் தாங்கும் திறன் கூட்டப்பட்டது. 2012இல் வெளியான 9.2ஆம் பதிப்பு முதல் மென்மையான அட்டவணைப் பூட்டுகள் 16 வரை ஒவ்வொரு செயல்முறையின் சொந்த ஏட்டிலேயே குறிக்கப்பட்டன. அதற்கு மேற்பட்டவை பொது ஏட்டுக்குப் போயின. பிரிவுகள் பெருகியதும் 16 போதாமல், பொது ஏட்டின் முன் நெரிசல் கூடியது. 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் இந்த எண்ணிக்கை அமைப்பின் அளவுக்கேற்ப வளரும்படி மாற்றப்பட்டது.

அந்தப் பொது ஏடும் 2006இல் வந்த 8.2ஆம் பதிப்பு முதல் 16 பிரிவுகளாகவே இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிறு உள்பூட்டு. சாதாரண வேலைக்கு ஒரு பிரிவு போதும். ஆனால் முட்டுநிலை ஏற்பட்டிருக்கிறதா என்று தேடும் பகுதி முழு ஏட்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும். பதினாறையும் பூட்டியாக வேண்டும். இரண்டு தேடல்கள் ஒரே நேரத்தில் தொடங்கினால் அவையே ஒன்றையொன்று தழுவிக்கொண்டு நின்றுவிடும். அவற்றைக் கண்டுபிடிக்க வேறு எவரும் இல்லை. ஆகவே அவை எப்போதும் முதல் பிரிவிலிருந்து பதினாறாம் பிரிவு வரை எண் வரிசையிலேயே பூட்டுகின்றன. இவ்விதிக்கு மட்டும் இன்றுவரை விலக்கு அளிக்கப்படவில்லை.